உப்பளத்து வாக்குமூலம்

குடும்பத் தொடர்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, குற்றக் கதைத் தொடர் ஒன்றை நானே எழுதித் தயாரிக்கும் வாய்ப்பு 2004இல் வந்தது. வாரம் ஒரு கதை, வாரம் ஒரு கொலை. எல்லாக் கதைகளிலும் துப்புத் துலக்குவது ஒரே இன்ஸ்பெக்டர்தான். அந்த வேடத்துக்கு நான் பிடித்தவர் பழைய நாடக நடிகர். கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிற மனிதர். சண்டைக் காட்சி எடுக்க எங்களுக்கு வசதி இல்லாததால் இன்ஸ்பெக்டருக்கு வேறொரு குணத்தைக் கொடுத்தேன். அவர் யாரையும் அடிக்கமாட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்பார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் அந்த நடிகரின் பெயரே இன்ஸ்பெக்டர் என்றாகிவிட்டது.

மறுவருடம் கோடையில் மரக்காணம் போனோம். கதைப்படி பிணம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் சுனாமி வந்துபோய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கரையில் ஒரு நடிகரைப் பிணமாகப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. காட்சியை மாற்றி எழுதி, உப்பளத்துக்குள் கொண்டுபோனேன். கண் கூசும் வெள்ளை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எங்களைச் சட்டைசெய்யாமல் பெண்கள் பாத்திகளில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் குடையை விரித்து உட்கார்ந்தபோது, வரப்பின் மேல் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட கைலி, தலையில் குல்லா, நாற்பது வயதிருக்கும். ரசிகர் என்று நினைத்தோம். நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றார்.

“சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். சொல்லணும்.”

“பாய், நான் நிஜ போலீஸ் இல்லீங்க. நடிக்கிறவன்.”

“தெரியும் சார். கோட்டக்குப்பத்துல கடை வச்சிருக்கேன், வெள்ளிக்கிழமைன்னா உங்க நாடகம்தான். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் எத்தினியோ வாட்டி போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்க கடைசி வரைக்கும் கேப்பீங்க. அதான் வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வசனம் மறந்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார். அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

பாய் நின்றபடியே சொன்னார். சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து கிராமத்துக்காரர் ஒருவர் அவருக்கு உதவியாள். ஒரே அறையில் இருந்தார்கள், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒருநாள் வண்டி ஓட்டும்போது பாய் கண்ணயர்ந்துவிட்டார். லாரி சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. இவருக்குத் தோளில் அடி. பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு உயிர் இல்லை.

“அங்க ஜெயில்ல போட்டா வெளிய வர முடியாது சார். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. சுத்திப் பாத்தேன், யாருமே இல்ல. அவர இழுத்து...” கையால் இழுப்பதுபோல் காட்டினார். “இழுத்து என் சீட்டுல வச்சிட்டேன். நான் தூங்கிட்டிருந்தேன், அவருதான் ஓட்டினாருன்னு சொல்லிட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க.”

லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிச் செத்தவன் என்று கம்பெனியிலிருந்து ஊருக்குத் தகவல் வந்தது. குடித்திருந்தான் என்பதை ஊரே சேர்த்துக்கொண்டது. புருஷனுக்குப் பரிந்து பேசப்போய் மாமியார் வீட்டில் சண்டையாகி, இறந்தவரின் மனைவி வெளியே வந்துவிட்டாள்.

“அவங்க இங்கதான் உப்பு வார்றாங்க சார். சொல்லிடலாம்னுதான் காலையிலயே வந்தேன். கிட்டப் போக முடியல. அப்போதான் உங்களப் பாத்தேன்.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “வாங்க. நான் கூட வரேன். ஆனா சொல்லப்போறது நீங்கதான்.”

நானும் பின்னால் போனேன். வரப்பு குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் உப்பு வாரும் பலகைகளைக் கீழே போட்டார்கள். அந்தப் பெண் மட்டும் பலகையைப் பிடித்தபடி நின்றாள். முழங்கால் வரை உப்புத் தண்ணீர்க் கறை, தலையில் துண்டு. பாயை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. புருஷனின் உடலோடு ஊருக்கு வந்தவர் அவர்தானாம்.

“தங்கச்சி, வண்டிய ஓட்டினது நான்தான்மா” என்றார் பாய்.

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை கதைகளில் நான் எழுதியது அதைத்தான். அவள் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள்.

“எனக்குத் தெரியும் பாய். அவருக்கு சைக்கிளே ஒழுங்கா வராது. நான் சொன்னா யாரு கேட்டாங்க?”

பிறகு அவளே கேட்டாள். “கடைசியா எதனா சொன்னாரா?”

அந்த இடத்தில் எழுத என் கைவசம் நூறு வசனம் இருந்திருக்கும். பாய் தலையை ஆட்டினார். “இல்லம்மா. தூங்கிட்டிருந்தாரு. தூக்கத்துலயே மவுத்தாயிட்டாரு.”

“தூக்கத்துலயேவா?”

“ஆமாம்மா.”

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “போலீஸெல்லாம் வேணாங்க.” பிறகு பாயிடம், “என்கிட்ட சொன்ன மாதிரி எங்க ஊர்ல வந்து சொல்லு. எல்லாரு முன்னாலயும் சொல்லு” என்றாள்.

அதற்குமேல் எங்களால் படப்பிடிப்பு நடத்த முடியவில்லை. வேனிலேயே எல்லோரும் அவள் ஊருக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் காக்கியைக் கழற்றிவிட்டு சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டார். மாமியார் வீட்டு வாசலில் வெயில் இன்னும் இருந்தது. பாய் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. உடலைத் தன் இருக்கையில் இழுத்து வைத்த இடம் வந்தபோது, இறந்தவரின் தம்பி பாய்ந்து வந்து அவரை அறைந்தான். பாய் கையைக்கூடத் தூக்கவில்லை. விழுந்த குல்லாவை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மாமியார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மருமகள் அவளைத் தாண்டி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அந்தக் கிழவி சொம்பைத் திருப்பித் தராமல் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சென்னைக்குத் திரும்பி எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது எடிட்டர் கேட்டார், “மேடம், பின்னாடி யாரு அந்த ஆளு?”

காலையில் எடுத்த காட்சிகள். முன்னால் பிணத்தருகே இன்ஸ்பெக்டர் குனிந்திருக்கிறார். தூரத்து வரப்பில் ஒரு வெள்ளைச் சட்டை. அடுத்த டேக்கிலும் அங்கேயே. கேமராவை வேறு பக்கம் திருப்பி எடுத்ததில் சற்றுத் தள்ளி நிற்கிறார். எங்களுக்குத் தெரியாமல் காலையெல்லாம் அவர் நின்றிருக்கிறார். அவர் இருப்பதையெல்லாம் வெட்டினால் காட்சிகளே மிஞ்சாது. எபிசோட் அவரோடுதான் ஒளிபரப்பானது. விஷயம் காதில் விழுந்து, இதையே ஒரு கதையாகப் பண்ணலாமே என்று சானலில் கேட்டார்கள். முடியாது என்றேன். அதன்பிறகு எந்தக் காட்சியை எடுத்தாலும் நடிகர்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். யாரும் இல்லாத சட்டகத்திலும் யாரோ நிற்பதுபோல் இருக்கும். வாக்குமூலக் காட்சிகள் எழுதும்போது பேனா நின்றுபோனது. இரண்டாவது வருடத்தோடு தொடரை முடித்துக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

கடைசிக் கதையை எடுக்க 2006 கோடையில் மறுபடியும் அந்தப் பக்கம் போனோம். உப்பளத்தில் அவளைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இப்போது மறுபடி மாமியார் வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னாள். நடந்ததை பாய் கம்பெனிக்கு எழுதிப் போட்டாராம்; பதில் வரவில்லை. நோன்புப் பெருநாளைக்கு பிரியாணி கொடுத்தனுப்பினாராம்.

“மாமியா தொட மாட்டேன்னுட்டாங்க. நான் வாங்கிச் சாப்ட்டேன். அவரும் பாயும் ஒண்ணா ஆக்கித் தின்னவங்கதான, ருசி எப்படி இருக்கும்னு பாத்தேன்.”

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

“முன்ன எல்லாம் அவரு கனவுலயே வர மாட்டாருங்க. இப்போ வர்றாரு. ஆனா தூங்கிட்டே இருக்காரு. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு.”

“நல்லா தூங்கட்டும், விடும்மா” என்றேன்.

“விட்டுட்டேங்க. இப்போல்லாம் எழுப்புறதில்ல. பக்கத்துல உக்காந்துக்கிறேன்.”