தொலைந்ததாகச் சொன்ன காசோலை

ஜலூலுக்கு இல்லை என்று சொல்ல வராது. யாராவது கடன் கேட்டால் கொடுப்பான், யாராவது கடன் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். இரண்டுக்கும் ஒரே சிரிப்புதான். சூஸ் நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், பள்ளிவாசல் தெருவில் அவனுக்குப் பெயிண்ட் கடை. எதிர் வரிசையில் எனக்கு வறுகடலையும் பாதாமும் பூசணி விதையும் விற்கும் கடை. அவன் அப்பா அடுப்புக்கரி விற்றவர். கரி படிந்த கையோடு வங்கிக்குள் நுழையக் கூச்சப்பட்டு, வாசலிலேயே நின்று வேறு யாரையாவது உள்ளே அனுப்புவாராம். அதனாலோ என்னவோ, மகன் முதல் காசோலைப் புத்தகம் வாங்கிய அன்று தெருவுக்கே எலுமிச்சை சர்பத் வாங்கிக் கொடுத்தான். நான் மூன்று கோப்பை குடித்தேன்.

கணக்கு தொடங்கும்போது வங்கியில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள். ஜலூல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பிரதியைக் கொண்டுவந்து கிழித்துக் கடையில் ஆணிப் பொட்டலம் கட்டினான். பணம் எடுக்கும் அட்டை வந்தபோது கூத்து இன்னும் பெரிது. இரகசிய எண்ணை மறந்துவிடுவேன் என்று கடைச் சுவரிலேயே நீலப் பெயிண்டால் பட்டையாக எழுதிவைத்தான். தெருவில் எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.

"எவனாவது அட்டையைத் தூக்கிட்டுப் போய் எடுத்துரப் போறான்டா" என்றேன்.

"எடுக்கட்டும் தாஹர் அண்ணே. உள்ள என்ன இருக்குன்னு பாத்தா, பாவம்னு அவனே கொஞ்சம் போட்டுட்டு வருவான்."

அவன் சொன்னது உண்மைதான். அவன் கணக்கில் பணம் இருந்த நாளை விட இல்லாத நாளே அதிகம். இல்லாத பணத்தையும் வங்கி எடுக்க விடும். பிறகு வட்டியோடு பிடித்துக்கொள்ளும். மிகைப்பற்று என்று காகிதத்தில் போட்டிருப்பதை எங்கள் ஊரில் 'சிவப்பு' என்போம். பழைய மேலாளர் நல்ல மனிதர். ஜலூலின் காசோலை ஏதாவது வந்தால் கடைக்குப் போன் செய்வார். "உன் கணக்கு சிவப்புல இருக்கேப்பா, விட்டுரவா?" என்பார். "விட்டுருங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிர்றேன்" என்பான் இவன். எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் கேட்டதில்லை.

எங்கள் வியாபாரம் முழுக்கவே இப்படித்தான் நடந்தது. சரக்கு எடுக்கிறவன் தொகையை எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குகிறவன் பெயரையும் தேதியையும் வெறுமையாக விட்டு, மொத்த வியாபாரியிடம் ஒரு காசோலை கொடுத்துவைப்பான். அது வங்கிக்குப் போவதற்கான காசோலை அல்ல; அடகு வைத்த வாக்கு. பணம் கட்டியதும் திரும்பி வந்துவிடும். யார் கையில் யார் காசோலை இருந்தாலும், வங்கியில் போடுவதற்கு முன் எழுதியவனிடம் வந்து, போடலாமா என்று கேட்பது எங்களிடம் வழக்கம். கேட்காமல் போடுகிறவனோடு யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள். சட்டப்படி இதெல்லாம் குற்றம். அப்படி ஒரு காசோலையைக் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். பணமில்லாமல் அது திரும்பினால் எழுதியவன் சிறைக்குப் போக வேண்டும். ஐந்து வருடம் வரை போடலாம். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எழுதினார்கள்.

பழைய மேலாளர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக ஓர் அம்மா தலைநகரிலிருந்து வந்தாள். அவள் ஜலூலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் கையெழுத்துப் போட்ட அதே காகிதங்களை எடுத்துக் காட்டினாளாம். மிகைப்பற்று வங்கி காட்டும் சலுகை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எட்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். இனி சிவப்பு கிடையாது. இதுவரை எடுத்ததையும் கட்ட வேண்டும்.

கடைக்குத் திரும்பியவன் முகம் வெளுத்திருந்தது. சூஸில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் அவனுடைய ஆறாயிரம் தினார் காசோலை ஒன்று கிடந்தது. என் கடையில் நின்றபடியே அவருக்குப் போன் செய்தான்.

"அண்ணே, அந்தச் செக்கைக் கொஞ்ச நாள் பேங்குக்கு அனுப்பிராதீங்க."

எதிர்முனை என்ன சொன்னதோ, இவன் கை என் கடலைக் கூடையைப் பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! யாருக்குக் குடுத்தீங்க? பேரு கூட ஞாபகமில்லையா?"

விஷயம் இதுதான். மொத்த வியாபாரி தன் வீட்டில் வேலை செய்த யாருக்கோ கூலியாக அந்தக் காசோலையை நீட்டிவிட்டார். பெயர் எழுத வேண்டிய இடம் காலி. வாங்குகிறவன் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். திங்கட்கிழமை அவன் வங்கியில் போடுவானாம். அன்று வியாழன்.

"உள்ள போயிருவேன் அண்ணே" என்றான் ஜலூல். "நிச்சயமா உள்ள போயிருவேன்."

என்னிடம் இருந்ததைத் தருகிறேன் என்றேன். இருந்தது எண்ணூறு. அதை வங்கியில் போட்டாலும் பழைய சிவப்புக்கே போய்விடும் என்றான். குழியில் ஊற்றிய தண்ணீர் மாதிரி.

மறுநாள் வங்கி ஜன்னலில் கேட்டிருக்கிறான்: கொடுத்த காசோலைக்குப் பணம் தராமல் நிறுத்தி வைக்க முடியுமா? உள்ளே இருந்தவன் தலை நிமிராமல் சொன்னானாம், தொலைந்து போயிருந்தால் முடியும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வேறு எந்தக் காரணத்துக்கும் நிறுத்த மாட்டோம். ஜலூல் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். சந்தையில் சட்டைப் பையிலிருந்து ஒரு காசோலை விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தான். என்னிடம் சொல்லாமல் போனான். சொல்லியிருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது என்பேன்.

அவன் காவல் நிலையத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் முன்ஸிஃப் வந்தான்.

முன்ஸிஃப் என்பது அவன் பெயர்; எங்கள் தெருக்கோடியில் இருப்பவன். தரைக்குப் பளிங்கும் ஓடும் பதிக்கிற வேலை. அதிகம் பேசாதவன். அவன் பதித்த தரையில் கோலி உருட்டினால் உருட்டிய கோட்டில்தான் போகும். ஜலூலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். பூட்டிய கடை முன்னால் நின்று என்னைக் கேட்டான்.

"ஜலூல் எங்கண்ணே?"

"வெளிய போயிருக்கான். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, ஒரு வார்த்தை கேக்கணும்."

கொஞ்ச நேரம் நின்றான். ஒரு கைப்பிடி பூசணி விதை கொடுத்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பார்க்கிறேன் என்று போய்விட்டான். சனியும் ஞாயிறும் வேலை இடத்திலேயே தங்கிவிட்டான் போல. திங்கட்கிழமை காலை வங்கியில் காசோலையைப் போட்டான். ஜன்னலில் இருந்தவன் கொஞ்சம் உட்காரச் சொன்னான். அவன் உட்கார்ந்திருந்தான். காவலர்கள் வந்து அழைத்துப் போனார்கள்.

காசோலை கிடைத்துவிட்டது என்று ஜலூலுக்கு ஆள் வந்தது; நானும் அவனும் காவல் நிலையத்துக்குப் போனோம். பெஞ்சில் முன்ஸிஃபைப் பார்த்ததும் ஜலூல் வாசலிலேயே நின்றுவிட்டான். காசோலை யாரிடம் போயிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரியும். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"இவரைத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"எங்க தெருக்காரன்."

"இந்தச் செக்கை இவருக்கு நீங்க குடுத்தீங்களா?"

ஜலூல் என் பக்கம் திரும்பினான். நான் என்ன செய்ய? ஆமாம் என்றால் காவல் நிலையத்தில் பொய் எழுதிக் கொடுத்த குற்றம், அதன் பின்னால் பணமில்லாத காசோலை, இரண்டும் சேர்ந்து அவனைத் தின்றுவிடும்.

"இல்ல. இவனுக்கு நான் குடுக்கல."

சொன்னதில் ஓர் எழுத்து கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"மொத்த வியாபாரி குடுத்தாருன்னுதான் சொல்றேனே" என்றான் முன்ஸிஃப். குரலை உயர்த்தவில்லை. "குளிர்காலம் பூரா அவர் வீட்டுக்குத் தரை போட்டேன். அதுக்குக் கூலி. ஜலூல், உன் பேரைப் பாத்துட்டுத்தான்டா வாங்கினேன். போடலாமான்னு உன்கிட்ட கேக்க வந்தேன், கடை பூட்டியிருந்துச்சு. தாஹர் அண்ணனைக் கேளு."

"வந்தான் ஐயா, வெள்ளிக்கிழமை வந்தான்" என்றேன்.

"என்ன கேக்கணும்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. ஒரு வார்த்தை என்றுதான் சொன்னான். அதிகாரி பேனாவை மூடினார்.

மொத்த வியாபாரியைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கூலியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், அந்தக் காசோலையைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை என்றார். உத்தரவாதத்துக்குக் காசோலை வாங்கினேன் என்று சொன்னால் அவரும் உள்ளே போக வேண்டுமே! பெயர் எழுதிய இடத்தில் முன்ஸிஃபின் கையெழுத்துத்தான் இருந்தது. கீழே விழுந்ததை எடுத்துத் தன் பெயரை எழுதிக்கொண்டான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு வருடம்.

ஜலூல் ஒரு வாரம் கடை திறக்கவில்லை. திறந்தபிறகு முன்ஸிஃபின் மனைவி நஸீஹாவுக்கு ஆட்டிறைச்சியும் பழமும் சிகரெட்டும் வாங்கி அனுப்பினான், சிறைக்குக் கொண்டு போகும் சாப்பாட்டுக் கூடையில் வைப்பதற்காக. அவள் மறுநாளே அத்தனையையும் தூக்கி வந்து, அவன் கல்லாவின் மேல் வைத்தாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"இது எங்க வாசல்ல கிடந்துச்சு. யாரோ தொலைச்சுட்டாங்க போல" என்றாள். "நாங்க கீழ கிடக்கிறதை எடுக்கிறவங்க இல்ல. நீங்களே போலீஸ்ல குடுத்துருங்க ஜலூல் அண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் போனபிறகு வாங்க வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஜலூல் இறைச்சிப் பொட்டலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். போய் உண்மையைச் சொல்லிவிடு என்று அன்று அவனிடம் சொன்னேன். திட்டினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

"நாளைக்குப் போறேன் அண்ணே" என்றான். தினமும் அதையே சொன்னான். எங்கள் ஊர் அவனை ஒதுக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. பெயிண்ட் வேண்டுமென்றால் வாங்கினார்கள், பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

முன்ஸிஃப் ஒன்பது மாதத்தில் வெளியே வந்தான். தேசிய தினத்தன்று சிலரை விடுவித்தபோது அவனையும் விட்டார்கள். மெலிந்துபோயிருந்தான். முதல் இரண்டு நாள் வீட்டைவிட்டு வரவில்லை. மூன்றாம் நாள் தெரு நிறைந்திருக்கும் சாயங்கால நேரத்தில் ஜலூலின் கடைக்கு வந்தான். நானும் ஓடினேன். அடிதடி நடக்கும் என்று பயந்தேன்.

"என் கூலி" என்றான் முன்ஸிஃப்.

"தர்றேன்டா. சத்தியமாத் தர்றேன். கொஞ்சம் கொஞ்சமா..."

"கொஞ்சம் கொஞ்சமா வேண்டாம். செக்கு எழுது."

ஜலூல் விழித்தான். கணக்கில் இன்னும் சிவப்புத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல ஜலூலால் எப்படி முடியும்? புத்தகத்தை எடுத்தான். ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. புதுப் புத்தகம் தரமாட்டேன் என்று வங்கி மேலாளர் அம்மா சொல்லியிருந்தாள்.

"என் பேரு போடு. முழுப் பேரு. இன்னைத் தேதி போடு. ஆறாயிரம்."

எழுதினான். முன்ஸிஃப் அதை வாங்கி, வாசலுக்கு வந்து, மசூதிக்குப் போகிறவர்களும் ரொட்டி வாங்கப் போகிறவர்களும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

"எல்லாரும் பாத்துக்குங்க. ஜலூல் தன் கையால என் கையில குடுத்தது. கீழ கிடந்து எடுக்கல."

பிறகு அதை மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"டேய், உடனே போட்டுராதடா" என்றான் ஜலூல். குரல் கெஞ்சியது. "எப்போ போடுவேன்னு மட்டும் சொல்லு. அதுக்குள்ள எப்படியாவது..."

"சொல்ல மாட்டேன்" என்றான் முன்ஸிஃப். "இனிமே கேக்கவும் மாட்டேன்."

அன்றிலிருந்து ஜலூல் கணக்கில் பணம் சேர்க்கப் பார்க்கிறான். போட்டதெல்லாம் பழைய சிவப்புக்கும் அதன் வட்டிக்கும் போய்விடுகிறது. மைத்துனனிடம் வாங்கியும், மனைவியின் வளையலை விற்றும் ஆறாயிரத்தையும் ரொக்கமாகத் திரட்டி, என் கையில் கொடுத்து அனுப்பினான். முன்ஸிஃப் எனக்குக் காப்பி கொடுத்து, பணத்தை அப்படியே திருப்பித் தந்தான்.

"ரொக்கம் எதுக்குண்ணே? எனக்குத்தான் செக் குடுத்துட்டானே."

"பாவம்டா அவன். சாகிறான்" என்றேன்.

"நானும் உள்ள சாகத்தான் செஞ்சேன். எந்த நாள் விடுவாங்கன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வருகிறது, இரண்டு பேருக்காகவும் மனசு வலிக்கிறது. யார் பக்கம் என்று கேட்டால் கடலை நிறுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

முன்ஸிஃப் மறுபடி வேலைக்குப் போகிறான். காலையில் பேருந்து நிறுத்தத்துக்கு, எங்கள் கடைகளிலிருந்து பார்த்தால் தெரியும் வங்கி வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வங்கி திறக்கும் நேரமும் அதுதான். சில நாள் அவன் வாசலில் நின்று சிகரெட் பற்றவைப்பான். ஜலூல் கடைக் கதவைப் பாதி தூக்கிய கையோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். வருகிறவர்கள் பெயிண்ட் கேட்டால் காதில் விழாது. முன்ஸிஃப் வாசலைத் தாண்டி, பேருந்தில் ஏறி, பேருந்தும் கிளம்பிய பிறகுதான் மீதிக் கதவைத் தூக்குவான்.