அட்டைத் துண்டு மறைத்த பக்கங்கள்

படிக்கும்போது பக்கத்தின் அடியில் ஒரு நீள அட்டைத் துண்டை வைத்துக்கொள்வது அவளுடைய வழக்கம். லென்ஸ் வருகிற பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த வெள்ளை அட்டை. அது பக்க எண்ணை மறைத்துவிடும். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று கண்ணில் பட்டால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், அப்புறம் படிப்பு படிப்பாக இருக்காது என்பது அவள் கட்சி.

"பஸ்ல ஏறிக் கண்ணை மூடிக்கிட்டு உக்கார்ற மாதிரி இருக்கு," என்பார் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "இறங்க வேண்டிய இடம் வந்தா யாரு எழுப்புவா?"

"கதை எழுப்பும். நீங்க ரோட்டைப் பாருங்க."

பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைப்பது, காதில் அழுத்துகிறது என்று திரும்பி வருகிறவர்களுக்குச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது. சாயங்காலம் படிப்பு. ஒரு மாதப் பத்திரிகையில் ஒரு பக்கம் புத்தக விமர்சனம் எழுதுகிறாள். விமர்சனம் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை நூலக மாடியில் அந்த எழுத்தாளரை எதிரே உட்காரவைத்து, வாசகர்கள் முன்னால் பேசுவாள். வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதில்லை. சொந்த மைத்துனரின் கவிதைப் புத்தகத்தை 'அட்டை நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்தவள். அவர் இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் புத்தக அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்.

இப்படி இருந்தவளிடம்தான் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் முதல் நாவல் வந்து சேர்ந்தது. படுக்கையில் விழுந்துவிட்ட அப்பா, கூட இருந்து பார்த்துக்கொள்கிற அக்கா, சண்டை போட்டுக்கொண்டு போய்விட்ட தங்கை. அப்பாவின் நிலைமை மோசமாகிறது. தங்கைக்குச் சொல்ல அக்கா போனைக் கையில் எடுக்கிறாள். அத்தியாயம் முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் அக்காவும் தங்கையும் செத்துப்போன அப்பாவின் பீரோ யாருக்கு என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். அத்தியாயங்களுக்கு எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை.

அவளுக்குக் கோபமாக வந்தது. அதுவரை ஒவ்வொரு வரியையும் நம்பிக்கொண்டு வந்ததால் வந்த கோபம். 'சாவு வரும் நேரத்தில் எழுத்தாளர் டியூட்டியிலிருந்து கழன்றுகொண்டுவிட்டார்' என்று எழுதினாள். பலரும் ரசித்த வரி. பத்திரிகை ஆசிரியர் அதை மட்டும் தனியே எடுத்து, கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டார்.

நூலகக் கூட்டத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, படிக்கிற கண்ணாடியை வாங்கிப்போக ஒருவர் கடைக்கு வந்தார். தலை நரைத்தவர், நிறையப் பேசுகிறவர். கண்ணாடியைப் போட்டுப் பார்க்க அவள் எழுத்து அட்டையை நீட்டினாள்.

"இது எனக்கு மனப்பாடம்மா. கண்ணை மூடிக்கிட்டே ஒப்பிப்பேன்," என்று பையிலிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்து, நடுவில் விரித்துச் சத்தமாகப் படித்தார். "'அப்பாவின் இடது கையில் மூன்று விரல்கள் பாக்கி இருந்தபோது மூச்சு நின்றது. அவள் நகவெட்டியைக் கீழே வைக்கவில்லை. மீதி மூன்று நகங்களையும் வெட்டி முடித்தாள். பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தாள்.' ஆஹா, எழுத்து பளிச்சுன்னு தெரியுதே!"

"இது என்ன புத்தகம் சார்?"

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அவள் விமர்சனத்தில் கிழித்த அதே நாவல்.

"குடுங்க சார், ஒரு நிமிஷம்."

"கண்ணாடியையா?"

"புத்தகத்தை."

தன் பையிலிருந்த பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அட்டைத் துண்டு இல்லாமல் முதல் தடவையாகப் பக்கங்களின் அடியைப் பார்த்தாள். அவளுடைய பிரதியில் 96க்கு அடுத்து 113. நடுவில் ஒரு முழு மடிப்பே பைண்டிங்கில் விட்டுப்போயிருந்தது. பதினாறு பக்கம். ஓர் அத்தியாயம் தொடங்கி முடிகிற இடத்தில் கனகச்சிதமாகப் போயிருந்தது. எண்ணைப் பார்த்திருந்தால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கத்திலிருந்து ஆசிரியருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டவர் முதலில் சிரித்தார்.

"பைண்டர் தப்புக்கு நீங்க ஏம்மா பதறுறீங்க? அடுத்த இதழ்ல மூலையில ரெண்டு வரி போட்டுடலாம்."

"மூலை வேண்டாம் சார். அந்த வரிக்கு எவ்வளவு பெரிய கட்டம் கட்டினீங்களோ அதே கட்டம். விமர்சனத்தையும் முதல்லேர்ந்து திரும்ப எழுதித் தரேன்."

"ஒரே புத்தகத்துக்கு ரெண்டு தடவையா? விமர்சகர் மேல வாசகருக்கு நம்பிக்கை போயிடும்."

"போகட்டும். பதினாறு பக்கம் படிக்காதவ மேல எதுக்கு நம்பிக்கை? போடலைன்னா அடுத்த மாசம் என் பக்கம் காலியா வரும்."

 ஆசிரியர் சமாதானம் சொல்கிற குரலில், "அட, இதுல நல்லதும் நடந்திருக்கு. உங்க விமர்சனத்தைப் படிச்சுட்டு அந்த நர்ஸம்மா அந்த இடத்தையே மாத்தி எழுதிட்டாங்களாம். ரெண்டாம் பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது," என்றார்.

 அவளுடைய பெயர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூன்று நகங்களையும் அல்லவா எடுத்துவிடப் போகிறார்கள்?

கடைக்காரரிடம் அரை நாள் லீவு சொன்னாள். நூலகப் பிரதியை இரவல் வாங்கிக்கொண்டதற்குப் பதிலாக அந்தப் பெரியவருக்கு முன்பே கண்ணாடி உறை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் போன் செய்தபோது கணவர், "சனிக்கிழமை பார்க்கத்தானே போறே, அப்போ மெதுவா சொல்லிக்கலாமே," என்றார்.

"அதுக்குள்ள அச்சாயிடும்."

"அந்தம்மா கத்துவாங்க."

"கத்தட்டும். கேட்டுட்டு வரேன்."

நர்ஸம்மாவின் வீடு ஒரு மாடிப் போர்ஷன். கூடத்தில் ஒரு மேஜை; அதன் ஒரு பாதியில் மாத்திரை டப்பா, பாதி குடித்த டீ; மறு பாதியில் அடித்தும் திருத்தியும் எழுதிய தாள்கள். கதவைத் திறந்தவர் ஆளை அடையாளம் கண்டதும் வழியை விட்டு நகரவில்லை.

"சனிக்கிழமைதானே பேச்சு? இன்னிக்கு என்ன, ஒத்திகையா?"

"இல்லைம்மா. உங்க புத்தகத்தை நான் முழுசாப் படிக்கலை. அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்."

இரண்டு பிரதிகளையும் வாசலிலேயே விரித்துக் காட்டினாள். நர்ஸம்மா வாங்கி, முதுகுப் பக்கம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்; தையல் பிரித்த காயத்தைப் பார்க்கிற பார்வை. உள்ளே போனார். சமையலறையில் குழாய் திறந்து ஓடிற்று, நின்றது. திரும்பி வந்து நாற்காலியைக் காட்டினார்.

"முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். ஒரு நாள்கூட நான் பாதியில கழன்டுக்கிட்டதில்லை. தெரியுமா?"

"தெரியும்மா. அந்த வரியை எழுதறப்பவே தெரியும். உறைக்கணும்னுதான் எழுதினேன்."

"உறைச்சுது." நர்ஸம்மா எதிரே உட்கார்ந்தார். "நான் என்ன நெனச்சேன் சொல்லட்டுமா? பதினாறு பக்கம் படிச்ச பொம்பளைக்கே அதுல சாவு கண்ணுல படலைன்னா, நான் எழுதினதும் ஒண்ணு, எழுதாததும் ஒண்ணுன்னு நெனச்சேன். அதான் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதினேன். இப்ப அக்கா அழறா, நெஞ்சுல அடிச்சுக்கறா, தங்கச்சி ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கறா. யாருக்கும் கண்ணுல படாம போகாது."

"நான் படிக்கலாமா?"

"எதுக்கு? பாவத்துக்குப் பரிகாரமா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கா?"

"நல்லா இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"அது தெரியும். உங்க மைத்துனர் என் தம்பிக்கு சிநேகிதர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பையைத் திறந்தாள். பழக்க தோஷத்தில் அட்டைத் துண்டு முதலில் வெளியே வந்தது.

"அது என்ன?" என்றார் நர்ஸம்மா. விளக்கிச் சொன்னதும், "அடப்பாவி! இதுதான் என் குடியைக் கெடுத்ததா?" என்று அதைப் பிடுங்கி மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இங்க உக்காந்து எண்ணைப் பார்த்துப் படிங்க."

முதலில் அச்சான பக்கங்களைப் படித்தாள். பிறகு கையெழுத்துப் பிரதியை. நடுவில் ஒரு டீ வந்தது, ஆறிப் போயிற்று. நர்ஸம்மா சாயங்கால மாத்திரையைப் பிரிக்கிற சாக்கில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசுதான்மா. அதுல கை வெக்காதீங்க," என்றாள் படித்து முடித்ததும். "நகம் வெட்டி முடிக்கறாளே, அதுக்கு மேல ஒரு அழுகை கிடையாது. புதுசுல எல்லாரும் அழறாங்க, எனக்கு ஒண்ணுமே ஆகலை."

"அப்போ மூணு வாரமா நான் எழுதினது குப்பையா?"

"ஒரு வரி தவிர. தங்கச்சி வந்து கையைப் பார்த்துட்டு, 'நகம் யாரு வெட்டினது?'ன்னு கேக்கறாளே. அந்த ஒரு வரியைப் பழசோட கடைசியில சேர்க்கலாம்."

"சேர்க்க முடியாது. அதைக் கேட்டவ அப்புறம் எப்படி பீரோவுக்குக் கத்துவா? பொய்யாயிடும்."

"ஆகாது. கையைப் பார்த்தவதான் அந்தக் கத்து கத்துவா. தான் செய்யலையேன்னு."

"நான் பெத்த பொண்ணுங்கம்மா அது ரெண்டும். எனக்குத் தெரியாதா?"

"பெத்தவங்களுக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்குத் தெரியும்."

நர்ஸம்மா முறைத்தார். முறைத்தபடியே போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார். "தம்பி, புதுசா குடுத்த தாளையெல்லாம் ஓரமா வைப்பா. பழைய பக்கத்தையே போடு. கடைசியில ஒரு வரி சேரலாம், சேராமலும் போகலாம். திங்கக்கிழமை வரைக்கும் மிஷினைத் தொடாதே." போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "தங்கச்சி விஷயத்தை சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் கேளுங்க. அதுக்குள்ள யோசிச்சு வெக்கறேன்."

சனிக்கிழமை நூலக மாடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். சேதி எப்படியோ பரவியிருந்தது. மைத்துனர் முதல் வரிசையில், அதுவும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது கல்யாணச் சாப்பாடு. புதுக் கண்ணாடி போட்ட பெரியவரும் வந்திருந்தார். ஆசிரியர் கதவோரம் நின்றுகொண்டு, வேண்டாம் என்பதுபோல் கடைசித் தடவையாகக் கண்ணால் ஜாடை காட்டினார்.

அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். "இந்தப் புத்தகத்தைப் பத்தி நான் எழுதின விமர்சனம் தப்பு. என் பிரதியில பதினாறு பக்கம் இல்லை, அதை நான் கவனிக்கலை. டியூட்டியிலேர்ந்து கழன்டுக்கிட்டது எழுதினவங்க இல்லை, படிச்சவ. புது விமர்சனம் அடுத்த இதழ்ல வரும். கட்டம் கட்டி வரும்," என்று கதவோரம் பார்த்தாள். ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டார். மைத்துனர் கைதட்ட ஆரம்பித்தார். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினார்.

"இப்ப கேள்விக்கு வருவோம். தங்கச்சி வந்து அப்பா கையைப் பார்த்தாளா இல்லையாம்மா?"

நர்ஸம்மா சேலைத் தலைப்பால் மைக்கைத் துடைத்தார். ஊசி போடுமுன் பஞ்சால் துடைப்பதுபோல நிதானமாக.

"பார்த்தா."

"கேட்டாளா?"

"கேக்கலை. பார்த்துட்டு, தன் கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. அவ்வளவுதான்."

 தான் சொன்ன வரியைவிட இது எவ்வளவு மேல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பொறாமையாகக்கூட இருந்தது.

"அதை எழுதுவீங்களா?"

"காலையிலயே அச்சகத்துல குடுத்துட்டுத்தான் வரேன்," என்றார் நர்ஸம்மா. கைப்பையைத் திறந்து அந்த வெள்ளை அட்டைத் துண்டை எடுத்து மேஜை மேல் அவள் பக்கமாக நகர்த்தினார். "இந்தாங்க. ஆனா முதல்ல எண்ணைச் சரிபாருங்க, அப்புறம் மறைச்சுக்குங்க."

அவள் அதை வாங்கிப் புத்தகத்துக்குள் செருகினாள். "சரி. அடுத்த கேள்வி. பீரோவை ஏன் அக்காவுக்குக் குடுத்தீங்க? அந்த இடம் எனக்கு இன்னும் ஒத்துக்கலை."