சொட்டுநீருக்கு என்று வந்த குழாய்

கண்ணுகளா, ஒரு நாள் காலையில் பாதித் துப்பாக்கி ஒன்று என் லேத்து மெஷினின் சக்குப் பிடியில் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றவிட்டவன் உங்கப்பன்தான். அது துப்பாக்கி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாதது என் தப்பு.

பீளமேட்டுப் பட்டறையில் நான் இரும்பு கடைகிற டர்னர். பம்புக்கு புஷ், ஷாஃப்ட், ஸ்பேசர் என்று ஜாப் வொர்க் வரும். அதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு காலேஜ் பையன் இரும்புக் குழாயும் நோட்டுக் காகிதத்தில் வரைந்த படமுமாக வந்தான்.

“சொட்டுநீர் போடறதுக்குங்க. உள்ளுக்குள்ள கொஞ்சம் கடைஞ்சு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க.”

முதலாளி சொக்கிப்போனார். “எத்தன மரியாதையாப் பேசறான் பாரு! காலைல மொத வேலையா இதைச் செஞ்சுபோடு.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த பீஸ் வந்தாலும் அது எதில் போய் உட்காரும் என்று கேட்போம். அந்த ஜோடி பீஸையும் வாங்கி, போட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம். அன்றைக்கு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் போட்ட ‘ங்க’வில் இரண்டு பேரும் மயங்கிவிட்டோம்.

மறுநாள் பாதி கடைந்திருப்பேன், பையன் வந்து நின்றான். மோட்டார் ஸ்பேசருக்காகக் காத்திருந்த அன்னூர் விவசாயி ஒருவர், சொட்டுநீர் என்று காதில் விழுந்ததும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏங் கண்ணு, எந்தூருத் தோட்டம்?”

“தாராபுரமுங்க.”

“என்ன வெள்ளாமை?”

“நெல்லுங்க.”

“நெல்லுக்குச் சொட்டுநீரா! வயல்ல தண்ணி நிக்கறத நீ பாத்ததே இல்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. “தம்பி, இது எதுல போயி உக்காருது? அந்த பீஸைக் கொண்டா, போட்டுப் பாத்துக்கலாம்.”

பையன் முகம் வெளுத்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பேனாவில் ஒரு கைப்பிடி, ஒரு விசை. மூணாம் வகுப்பில் நீங்கள் வரைந்த துப்பாக்கி இதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் அது துப்பாக்கிதான். காகிதத்தை முதலாளியிடம் நீட்டினேன்.

“யாரைச் சுடறதுக்குடா?” என்றார் முதலாளி.

“சுடறதுக்கில்லீங்க. சும்மா காட்டறதுக்குத்தானுங்க.”

அழுதுகொண்டே சொன்னான். ஹாஸ்டலில் மூன்று பேர் அவனைத் தோப்புக்கரணம் போடவைத்து, வீடியோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். எதிரில் வருகிறவனெல்லாம் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணிச் சிரிக்கிறானாம். ‘கையில ஒண்ணு வெச்சிருந்தீன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்’ என்று கூட்டாளிகள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

“இதைக் காட்டுனா வீடியோ அழிஞ்சுருமா?” என்றேன்.

“குழாய்க்கு அடியில இருக்கற ஃபுட்வால்வு ஒழுகுதுன்னு மோட்டாரைக் கழட்டிக் கெணத்துக்குள்ள போடற மாதிரியில்ல இருக்குது, சாமி!” என்றார் விவசாயி. அழுகைக்கு நடுவிலும் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளி போனை நீட்டினார். “உங்கப்பாவைக் கூப்புடு. நீ கூப்புடலீன்னா நான் போலீசைக் கூப்புடுவேன்.”

மத்தியான பஸ்ஸில் அப்பா வந்தார். அடிப்பார் என்றுதான் பையன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவர் அடிக்கவில்லை. “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன சாமி?” என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் காலேஜுக்குப் போனார்கள். காலேஜ்காரர்கள் வீடியோ போட்டவர்களின் பெற்றோரையும் வரவழைத்து, அதை அழிக்கவைத்தார்களாம்.

குழாயை நான் துண்டு துண்டாக அறுத்தேன். ஒரு துண்டு அன்னூர் மோட்டாருக்கு ஸ்பேசராகப் போய் உட்கார்ந்தது. போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஒரு பையன் கைக்குத் துப்பாக்கி எப்படி வருகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். முதலில் ஓர் அவமானம். அதைப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம், ஏற்றிவிட நாலு கூட்டாளி. கடைசியில், எதுக்கு என்று கேட்காமல் கடைந்து கொடுக்கிற ஒருத்தன். அந்த ஒருத்தனாக நானே ஆகியிருப்பேன். இப்போது எங்கள் ஜாப் கார்டில் ‘எதில் பொருத்துவது?’ என்று ஒரு வரி இருக்கிறது. அது நிரம்பாமல் மெஷின் ஓடாது.

உங்களைப் பற்றி எவனாவது அப்படி வீடியோ போட்டால், நேராகப் பட்டறைக்கு வாருங்கள். எந்த வேலையானாலும் சரி, மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.