பன்னிரண்டாவது பேனா

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் உடம்பில் பட்டதை மட்டும் எழுதுகிறேன். 1959, பெரிய வெள்ளிக்கிழமை. பட்டப்பகல். சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டுப் பின்கட்டு.

அங்கே மரம் கடையும் லேத் ஒன்று இருந்தது. வேலுமணி என்பவர் இரவலாகத் தந்தது. அதில் எபனைட் என்னும் கெட்டி ரப்பர் தடிகளைக் கடைந்து பேனா செய்யப் பழகிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலைக்குள் பழுதில்லாத பேனா பன்னிரண்டு காட்ட வேண்டும். இல்லையென்றால் லேத்தை வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். லேத் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. மனைவி இன்பமேரிக்கு அது எட்டாம் மாதம்.

மூடியில் திருகுவதற்கான மரை வெட்டும்போதுதான் என் கை தோற்றது. விளிம்பு பொடிந்து உதிரும். உளியின் சரிவை மாற்றித் தீட்டினேன். எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இருபது தடி வீண். பதினொரு பேனா தேறியது. மிச்சம் ஒரே தடி.

பெரிய வெள்ளியன்று எங்கள் வீடுகளில் இரும்புக் கருவியைத் தொடமாட்டோம். மாதா கோயிலுக்குக் கிளம்பிய இன்பமேரி வாசலில் நின்றாள்.

“இன்னிக்கு மட்டும் வேண்டாங்க.”

“நாளைக்கு வண்டி வந்துருமே.”

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

2.40. மோட்டாரைப் போட்டேன். பெல்ட் சக்கரம் சுற்றியது. கழுத்துத் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கடைந்தேன். உடல் முடிந்தது. மூடியும் முடிந்தது. இனி மரை.

3.00. இயேசு உயிர்விட்ட நேரம். கோயிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டினார்கள். டக்... டக்... மனசு உறுத்தியது. சுவிட்சை அணைத்தேன்.

லேத் நிற்கவில்லை.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... சுற்றிக்கொண்டே இருந்தது.

உளி என் வலக்கையில் இருந்தது. இடக்கைக்கு மாறியது. நான் மாற்றவில்லை. அந்தக் கையின்மேல் ஏதோ ஜில்லென்று அமர்ந்து அழுத்தியது.

பொடி உதிரவில்லை. சீவல் நாடாவாகச் சுருண்டு வந்தது...

கழுத்தில் சுள்ளென்று ஓர் இழுப்பு.

கண் இருண்டது.

3.07. லேத் நின்றிருந்தது. பேனா மூடியோடு முழுசாக இருந்தது. என் துண்டு கதவுக்குப் பின்னால், ஆணியில், நாலாக மடித்துத் தொங்கியது.

மறுநாள் காலை வேலுமணி வந்தார். பதினொரு மூடிகளையும் திருகிப் பார்த்துத் தலையாட்டினார். பன்னிரண்டாவது திறக்கவில்லை. சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் திருகினார். திறந்தது.

“இதை யாருங்க கடைஞ்சது?”

“நான்தான்.”

“இல்லீங்க சாமி. மரையைத் திருப்பி வெட்டறது எந் தம்பி தங்கமுத்து ஒருத்தன்தான். இடதுகைக்காரன்.”

தம்பி எங்கே என்று கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன், இதே லேத்தில் போய்விட்டானாம். கழுத்துத் துண்டு பெல்ட்டில் சிக்கி...

அந்த ஒரு பேனாவை மட்டும் மடியில் செருகிக்கொண்டு வேலுமணி எழுந்தார்.

“லேத்து இங்கயே இருக்கட்டுங்க.”

வண்டி காலியாகத் திரும்பியது. நான் கதவுக்குப் பின்னால் போய்த் துண்டை எடுத்து விரித்தேன்.

ஒரு முனை கிழிந்திருந்தது. அங்கிருந்து துண்டின் நடுவரை, பெல்ட்டின் அகலத்துக்கு, கறுப்பாக எண்ணெய்த் தடம்.