மகளுக்கு ஆஸ்பத்திரி பார்த்த நாள்

மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல் அரை மணி நேரம் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். நோயாளியாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, என் பெயரில் ஓ.பி. சீட்டு வாங்கியிருந்தேன். "என்ன சார் பண்ணுது?" என்று சின்ன வயது டாக்டர் ஒருவர் கேட்டார். பொய் சொல்லத் தயாராக வரவில்லை. "ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். பிரஷர் பார்த்தார். பொய் சொன்ன பயத்தில் அது எகிறி நின்றது. அப்புறம் எழுந்திருக்க விடுவார்களா? மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது நெஞ்சில் ஒயர்களோடு கிடந்தேன்.

"அப்பா, ஆஸ்பத்திரி பாக்க வந்தது நானா, நீங்களா?" என்றாள்.

எனக்கு விழுப்புரத்தில் பேட்டரிக் கடை. படிப்பு பத்தாவதோடு சரி. மகள் பூங்கொடி கிர்கிஸ்தானில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தாள். திரும்பி வந்து, இங்கே எழுத வேண்டிய பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். அப்படித் தேறியவர்கள் ஒரு வருடம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பழக வேண்டும். எங்கே என்று தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கியது. எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியிலும் இடம் இருந்தது, சென்னையில் மூன்று இடங்களிலும் இருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. உங்கள் பிள்ளைக்குப் பிடிப்பது வேறாக இருக்கலாம்.

என் கணக்கு வேறு. அவள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் சொன்னால் கட்டாயப்படுத்தியது போலாகும். வெயிலும் டிராஃபிக்கும் பார்த்தால் சென்னையே அவளைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பினேன்.

காலை ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம். விழுப்புரத்திலிருந்து வருபவர்களுக்கு இதுதான் சுலபமான வழி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சொன்னாள்: "படிச்ச ஊர்ல பேஷண்ட் பேசறது பாதி புரியாதுப்பா. கையக் காட்டித்தான் கேப்போம். இங்க நம்ம ஜனங்க கிட்ட என்னன்னு கேக்கறதுன்னே பயமா இருக்கு." டாக்டருக்கு என்ன பயம் என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் தி. நகர். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் ரங்கநாதன் தெருவில் நடப்பதற்கு நடை என்று பெயர் கிடையாது. ஆஸ்பத்திரி பளபளவென்று இருந்தது. விடுதி அறையில் ஏசி. கேன்டீன் சாம்பார் எங்கள் வீட்டுச் சாம்பாரைவிட நன்றாக இருந்தது (இதை வீட்டில் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்). ஆனால் அங்கிருந்த ஹவுஸ் சர்ஜன் பெண்ணிடம் பூங்கொடி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்களப் பேஷண்ட்ட தொட விடுவாங்களா?" அந்தப் பெண் சிரித்தாள். "ஃபைலத் தொட விடுவாங்க."

அங்கிருந்து ஆழ்வார்பேட்டை வழியாக மயிலாப்பூருக்கு ஆட்டோ, 150 ரூபாய். டிரைவர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சுத்திக்கினு கீறீங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா."

"நல்லா இருக்கறவன் இன்னாத்துக்கு சார் ஆஸ்பத்திரிக்குப் போறான்? கபாலி கோயிலாண்ட எறக்கி வுடறேன். தேர் மாதிரி சுத்திக் கும்புட்டு ஊருக்குப் போ."

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் கட்டிலில் படுத்திருக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. இல்லாத நோய்க்கே அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள். ஆனால் அங்கே கூட்டம் குறைவு. "கத்துக்கறதுக்கு ஆள் வரணுமேப்பா" என்றாள்.

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறி அடையாறு. பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் ஏழு ரூபாய். மூன்றாவது ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. வராந்தா முழுக்க ஜனம். உட்கார இடமில்லை. இதைப் பார்த்தபின் ஊருக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பெஞ்சில் ஒரு மீன்காரம்மா, வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கை வீங்கியிருந்தது. பூங்கொடி பக்கத்தில் போய்க் குனிந்து, "வலி எப்போது தொடங்கியது?" என்று கேட்டாள்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா கண்ணு, டிவில நியூஸ் படிக்கிற மாதிரி கேக்குற?"

வரிசையே சிரித்தது. இவள் முகம் சிவந்துபோனது. விலகிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இல்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சரி, நீங்களே சொல்லுங்கம்மா. என்னா ஆச்சு?"

"கெளுத்தி முள்ளு ஏறிச்சி. முந்தாநாளு. ராவெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குது. இப்ப கக்கத்தாண்ட நெறி கட்டிக்கினு கீது."

"நெறி கட்டியிருக்கா? காய்ச்சல் அடிச்சுதா? கையக் கொஞ்சம் தூக்குங்க." மணிக்கட்டிலிருந்து மேலே சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை; முள் குத்திய விஷம் மேலே ஏறுகிற அடையாளம் அது என்று அப்புறம்தான் சொன்னாள். இவள் எழுந்து உள்ளே ஓடி, அங்கிருந்த ஹவுஸ் சர்ஜன் பையனைக் கையோடு கூட்டிவந்தாள். அவன் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மாவை வரிசையிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோனான். ஊசி, சுத்தம், கட்டு எல்லாம் அவன் கையாலேயே. இவள் வாசலில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

வெளியே வந்த மீன்காரம்மா என்னிடம் கேட்டார். "உம் பொண்ணா?"

"ஆமாம்மா. டாக்டர்."

"டாக்டரா? அப்போ ஏன் வெளிய நின்னுக்கினு கீது?" அவளிடம் திரும்பினார். "கட்டு மாத்த வரச் சொல்லிக்கீறாங்க. நீ இருப்பியா கண்ணு?"

"இப்ப இல்லம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து இருப்பேன்" என்றாள் பூங்கொடி.

என்னிடம் சொல்லும் முன்பே முடிவை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இதே வேலையாகக் கிளம்பும் பெற்றோருக்கு: அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே எல்லாம் பிரமாதம் என்பார்கள். மத்தியானம் வாசல் டீக்கடைக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் கேளுங்கள். கையால் என்ன செய்ய விடுகிறார்கள், மேலே இருக்கும் டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறாரா, மாதாமாதம் உதவித்தொகை வருகிறதா, ராத்திரி டூட்டி முடிந்தால் பெண்பிள்ளை விடுதிக்கு எப்படிப் போகும், இவ்வளவும் போதும். மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், சாப்பாடு தவிர இருவருக்கும் சேர்த்து ஐந்நூறுக்குள் முடியும். சாம்பாரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓ.பி. சீட்டு வாங்காதீர்கள்.

கிண்டியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பூங்கொடி கேட்டாள். "அப்பா, உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? டிவி ரிமோட் இன்னும் ஒரு வருஷம் என் கையிலதான்" என்றேன். சிரித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி சாய்ந்தாள்; தாம்பரம் வரும்வரை அந்தத் தோளை நான் அசைக்கவில்லை.

இந்த ஒரு வருடமாவது ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, வாசலில் உன் செருப்பு கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் பாப்பா. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.