ரோடு ஏறிய ஏழு அங்குலம்

அந்த வருஷம் புரட்டாசி கடைசியில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பல் தேய்க்கும்போது போனில் வானிலையைப் பார்ப்பேன். சிக்னலில் நிற்கும்போது அண்ணாந்து மேகத்தைப் பார்ப்பேன். எர்ணாவூரில் பதினான்கு வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே ஏறாதபடி தரையை உயர்த்துவது, கழிவறைக் குழாய் வழியாகச் சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போடுவது, உயர்ந்த தரைக்கு ஏற்றபடி கதவைத் தூக்கி மாட்டுவது, இவ்வளவுக்கும் அரசாங்கம் பணம் கொடுத்தது. வேலை செய்வது காண்டிராக்டர். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் நான் நேரில் போய் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குத் தவணை போகும். நான் வெறும் ஒப்பந்த ஊழியர். ஆனாலும் அந்தப் பக்கம் எனக்கு 'அளவு மேடம்' என்று பெயரே ஆகிவிட்டது.

பதிமூன்று வீடுகள் முடிந்துவிட்டன. என்னை நிம்மதியாக இருக்க விடாதது பதினான்காவது. கன்டெய்னர் யார்டு வாசலில் இட்லி விற்கும் ஓர் அக்காவின் வீடு. அவருடைய கணவர் சரக்கு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒரு சாண் உயரமே உள்ள பலகைக் கட்டிலில்தான் அவர் வாழ்க்கை. தாழ்வாக இருந்தால்தான் அக்கா தனியாளாக அவரைப் பாயில் இறக்கிக் குளிப்பாட்ட முடியும். முந்தைய வெள்ளத்தில் அண்டை வீட்டார் நாலு பேர் கட்டிலோடு தூக்கி எதிர் மாடியில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குள் மெத்தை ஊறி, சாக்கடைத் தண்ணீரில் முதுகு புண்ணாகி, அது ஆறுவதற்குள் மனுஷர் பாதியாகிவிட்டார்.

முதல் நாள் அளக்கப் போனபோதே அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எனுக்கு வூடு சோக்கா இருக்க வாணாம் மேடம். அவுரு படுக்கைல தண்ணி படக்கூடாது. அத்த மட்டும் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்க்கா," என்றேன். சொல்வது எவ்வளவு சுலபம்.

விதி என்ன சொன்னது என்றால், உயர்த்திய தரை தெரு மட்டத்திலிருந்து இரண்டு அடி இருக்க வேண்டும். நானும் ரோட்டில் அளவுகோலை நிறுத்திப் பார்த்து, புத்தகத்தில் 'தெரு மட்டத்திலிருந்து' என்று எழுதினேன். காண்டிராக்டர், எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான், அரை அங்குலம் கூடவே வைத்துத் தரையைப் போட்டார். இரண்டாம் தவணை போனது. தரை காய்ந்ததும் கட்டிலும் உள்ளே வந்துவிட்டது. இனி தரையை மறுபடி அளந்து போட்டோ ஏற்றினால் கடைசித் தவணை, அதில் கதவும் வால்வும் மாட்ட வேண்டும். பத்து நாள் வேலை.

அப்படி அளக்கத்தான் அன்று போனேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி நின்றன. இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்து, இரண்டு டிரைவர்களிடம் திட்டு வாங்கி, மூன்றாமவரைத் திட்டி, தெருவுக்குள் திரும்பினால் தெரு கறுப்பாகப் பளபளக்கிறது. புது ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டிருந்தார்கள். ரோடு போடுவது வேறு இலாகா, எங்களிடம் அவர்கள் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அளவுகோலை நிறுத்தினேன். ஓர் அடி ஐந்தரை அங்குலம். ஏழு அங்குலத்தை ரோடு விழுங்கியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆனால் அன்று வந்த கோபம் முழுக்க என்மேல்தான். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் போக மூன்று படி இறங்க வேண்டும். கட்டியபோது மூன்று படி ஏறிப் போன வீடு அது. ரோடு போடப் போட, வீடு கீழே போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் போய் 'தெரு மட்டத்திலிருந்து' என்று எழுதியிருக்கிறேன். எதிரே மின்கம்பம் நிற்கிறது. அதில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து அளந்திருந்தால் எந்த ரோடு வந்தாலும் கோடு அசைந்திருக்காது. படிவத்தில் கட்டம் இருந்தது, நிரப்பினேன். அவ்வளவுதான் என் புத்தி.

மேஸ்திரிக்கு வந்ததே ஆத்திரம். "இன்னா மேடம் இது, ரோட்ட நானா போட்டேன்? ரெண்டு அடி ஏத்திக் குட்டேன். நீதான அளந்து எழுதின?"

"எழுதினேன். இப்ப வந்து அளந்தா இல்லையே."

"ஸ்கேல லேசா சாச்சுப் புடி. போட்டோல இன்னா தெரியப்போவுது?"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவரும் விடவில்லை. கதவைக் கடனுக்கு எடுத்திருந்தார், அவருக்கும் வயிறு உண்டு. மறுநாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் அக்கா நீலத் தார்ப்பாயைக் கட்டிவைத்தார். கழிவறைக் குழாய் வால்வு இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஆப்பில் போட்டோ ஏறணும்மா. ஸ்கேல் ரோட்டில் நிக்கணும், தரையில் ரெண்டு அடி தெரியணும். தெரிஞ்சா பணம் போகும். இல்லையா, ஏழு அங்குலத்துக்குத் திருத்திய மதிப்பீடு அனுப்பு. தை மாசம் வந்துடும்."

மழை தை வரைக்கும் காத்திருக்குமா? அந்த வாரம் இரண்டு தடவை தூறியது. இரண்டு தடவையும் வேலையைப் போட்டுவிட்டு எர்ணாவூருக்கு ஓடி, சும்மா தார்ப்பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எட்டாம் நாள் திருவொற்றியூரில் தண்ணீர்க் குழாய்க்காக ரோட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் சுவரில் தார் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. வண்டியை அங்கேயே திருப்பினேன்.

கடப்பாரையை இரவல் வாங்கி அக்கா வீட்டு வாசலில் புது ரோட்டைக் குத்த ஆரம்பித்தேன். எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "யம்மா, போட்டு பத்து நாள் ஆவல. இன்னா பேஜாரு இது?" நான் குத்துவதை நிறுத்தவில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அக்கா வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். "குடு மேடம், இது உனக்கு வராது." அவர் குத்திய பத்தாவது குத்தில் கீழே பழைய ரோடு தெரிந்தது. அதில் வேகத்தடைக்கு முன்னால் சமதரையில் அடித்த மஞ்சள் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மஞ்சள்மேல் அளவுகோலை நிறுத்தினேன். இரண்டு அடி அரை அங்குலம். போட்டோவில் பள்ளம், இரண்டு ரோடு, கோல், தரை எல்லாம் விழுந்தன. மேலதிகாரி பார்த்துச் சிரித்துவிட்டு அன்றைக்கே பணத்தை விடுவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மேஸ்திரிகூட, "கில்லாடி மேடம் நீ," என்று வாயாரச் சொன்னார். பள்ளத்தை மூடி, மூன்றே நாளில் கதவையும் மாட்டி வால்வையும் போட்டுக் கொடுத்தார்.

பணி நிறைவுச் சான்றிதழைக் கொடுக்கப் போனேன். 'வெள்ளப் பாதுகாப்பு பெற்ற வீடு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தாள். உள்ளே போனதும் கண் கட்டிலின்மேல் போனது. ஒவ்வொரு காலுக்கும் கீழே இரண்டு செங்கல். அக்கா மேஸ்திரியிடம் எட்டுக் கல் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"எதுக்குக்கா இது? இனிமே அண்ணனை எப்படித் தனியா இறக்குவ?"

"பக்கத்து வூட்ல யாரையாச்சும் கூப்ட்டுக்க வேண்டிதான்." அக்கா சான்றிதழை வாங்கி முந்தானையால் துடைத்தார். "தண்ணி நம்ம தோண்ன குழிலேந்தா வரப்போவுது மேடம்? ரோட்டு மேலேந்துதான வரும்."

எனக்குத் தெரியாதா? தெரியும். கடப்பாரையை எடுத்தபோதே தெரியும். கதவாவது வரட்டும், வால்வாவது வரட்டும் என்றுதான் செய்தேன், அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஏழு அங்குலம் குறைகிறது, கட்டிலுக்கு வேறு வழி பார் என்று நான்தான் முதலில் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய சந்தோஷத்தில் மறந்துபோனேன் என்றால் அதுவும் பொய். திருத்திய மதிப்பீட்டை அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினேன். முடிந்த வேலைக்கு மதிப்பீடு கிடையாது என்று திரும்பி வந்தது.

ஐப்பசியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் கிளம்பினேன். ஸ்கூட்டரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், அதன்மேல் எண்ணெய் வழவழத்தது. புதுக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே பத்து அங்குலத் தண்ணீர். கோல் வைக்காமலே கண்ணால் சொல்லிவிடுவேன், என் தொழில் அதுதானே. எட்டுச் செங்கல்லும் மூழ்கி, கட்டில் கால்களில் பாதிவரை ஏறி நின்றிருந்தது. செங்கல் இல்லாவிட்டால் மெத்தையைத் தொட்டிருக்கும். ஏழு அங்குலம் இருந்திருந்தால் செங்கல்லே தேவைப்பட்டிருக்காது. கணவர் காய்ந்த போர்வையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, வா என்பதுபோலக் கையை அசைத்தார். அக்கா கட்டில் ஓரத்தில் காலை மடக்கிக்கொண்டு அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"படுக்க நனையல மேடம்," என்றார். பிறகு பரணைக் காட்டினார். "நீ குட்ட பேப்பரும் நனையல. கவர்ல போட்டு மேல வெச்சிகீறேன், பத்திரமா கீது."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஒரு கத்து கத்தியிருப்பேன். செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், நான் கையெழுத்துப் போட்ட தரையில் கெண்டைக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.