போன தடம் இருந்தது, வந்த தடம் இல்லை

கழுகுமலை முருகனை நம்பி ஆண்டுதோறும் என்னோடு வருகிற அன்பர்களே,

எனக்கு வலது கால் இல்லை. நம் பாதயாத்திரைக் கூட்டத்தில் எல்லாரும் நடக்க, நான் ஒருவன் மட்டும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் போகிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன். இதில் என் பெருமை எதுவும் இல்லை. என் வீம்பும், அதற்குப் பிறகும் என்னைக் கைவிடாத முருகனும்தான்.

எங்கள் ஊர் இடைசெவலுக்குக் கிழக்கே, கரிசல்காட்டுக்குள் இருக்கிறது. ஆடுதான் பிழைப்பு. அது போதாத வருஷங்களில் நான் சைக்கிளில் விறகு ஏற்றினேன். காலையில் கரிசல் வண்டிப்பாதையில் நாலு மைல் மிதிப்பேன். பிறகு சரள் ரோடு. குருமலை அடிவாரத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுவேன். காய்ந்த விறகைக் கேரியரில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, இறக்கி, கோவில்பட்டி டீக்கடைகளில் போடுவேன்.

ஏற்றம்கூடப் பரவாயில்லை. இறக்கம்தான் எமன். சரளில் டயர் நிற்காது, பாரம் பின்னாலிருந்து தள்ளும். அதனால் விறகுக்காரர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவன் ஹாண்டிலைப் பிடிப்பான். இன்னொருவன் கேரியரில் கட்டிய கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து வருவான். எனக்குக் கயிறு பிடித்தவன் சுடலை, என் மனைவி பேச்சியின் தம்பி. ஆறு வருஷம் பிடித்தான். ஒரு நாள்கூடக் கை தளரவிட்டதில்லை.

அவனை நான் இழந்தது என் மகனின் காதுகுத்தில். 1996 ஐப்பசி மாதம். முதல் நாள் நல்ல மழை. எங்கள் குலதெய்வக் கோவில் காட்டுக்கு நடுவே இருக்கிறது. நாங்கள் டிராக்டரில் போய்ச் சேர்ந்துவிட்டோம். சுடலை ஆட்டுக்கிடையிலிருந்து சைக்கிளில் வர வேண்டும். நனைந்த கரிசலில் சைக்கிள் ஓடாது. நாலு சுற்றுக்குள் மண் அப்பி, சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும். அப்புறம் நாம்தான் அதைச் சுமக்க வேண்டும். அந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நல்ல நேரம் போகிறது என்று குதித்தேன்.

“தாய்மாமன் இருக்கையில வேற மடியா? இன்னும் செத்த நேரம் பாருங்க, வந்துருவான்” என்று பேச்சி கெஞ்சினாள்.

நான் கேட்கவில்லை. என் பெரியப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தியாயிற்று. பந்தி நடக்கும்போது சுடலை வந்தான். தோளில் சைக்கிள், தொடைவரை சேறு, வேட்டி மடியில் பிள்ளைக்கு வாங்கிய கடுக்கன். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

“அக்கா மவன் காதுகுத்துக்கு நேரத்துக்கு வரத் தெரியாதவன்லாம் என்னலே தாய்மாமன்?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

பந்தியில் உட்காராமல் அவன் திரும்பினான். கை நனைக்காமல் போய்விட்டான். அதோடு ஒரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சி தம்பியை நினைத்து அழுவாள். எனக்கு அதைப் பார்த்தாலும் கோபம்தான் வரும். ஆள் இல்லாவிட்டால் என்ன என்று தனியாகவே விறகுக்குப் போனேன். கயிறு பிடிக்க ஆளுக்குப் பதிலாக ஒரு மரக்கிளையைப் பின்னால் கட்டி இழுத்து வந்தேன்.

1997 கார்த்திகை. பின் டயர் ஓரிடத்தில் வெடித்திருந்தது. பழைய டயர்த் துண்டை அங்கே வைத்து, கிழிந்த டியூபால் ரிம்மோடு சேர்த்துச் சுற்றிக் கட்டியிருந்தேன். கட்டு இடிக்கும் என்று பின் பிரேக் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். முன் பிரேக்கும் ஒரு மரக்கிளையும் போதும் என்பது என் புத்தி.

அன்று காலை பத்து மணிக்குள் பாரம் கட்டி இறங்கினேன். இரண்டாவது வளைவில் முன் பிரேக் கம்பி அறுந்தது. கிளை கழன்றுகொண்டது. ஹாண்டிலை விட்டிருந்தால் விறகு மட்டும் போயிருக்கும். நான் விடவில்லை. சைக்கிளும் விறகும் நானுமாக ஓடைக்குள் விழுந்தோம். கண்ணைத் திறந்தபோது என் வலது கால் பாறைக்கும் விறகுக்கும் நடுவே இருந்தது. முழங்காலுக்குக் கீழே அது என் கால் மாதிரியே இல்லை.

கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒரு மயில் மட்டும் பதிலுக்குக் கத்தியது. தண்ணீர் பாட்டில் ஹாண்டிலில் தொங்கியது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண். அந்த ஒரு சாணை என்னால் தாண்ட முடியவில்லை.

முதலில் முருகனிடம் பேரம் பேசினேன். மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன், காலை மட்டும் விட்டுவிடு என்றேன். அப்புறம் ஏசினேன். உனக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். வெயில் ஏறியது. எறும்பு ஏறியது. உச்சிப்பொழுதில் காலில் வலி நின்றுவிட்டது. நல்லது என்று நினைத்தேன். அது நல்லதில்லை என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

பொழுது லேசாகச் சாய்ந்தபோது, சாகப்போகிறேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. சேற்றோடு வந்து நின்ற சுடலையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கழுகுமலை இருக்கிற மேற்குப் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

‘முருகா, சுடலையை அனுப்பு. அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் போதும். அவன் என்னை ஏசட்டும். அப்புறம் நீ என்னை எடுத்துக்கொள்.’

அப்போது காலைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டுவிட்டு அழுதேன். எதுவும் நடக்கவில்லை. வெகுநேரம் எதுவுமே நடக்கவில்லை.

“மச்சான்! ஏ மச்சான்! சத்தம் குடும்!”

சுடலையின் குரல். முதலில் காதில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். கல் உருள அவன் ஓடைக்குள் இறங்கி வந்தான். பாட்டிலை எடுத்து என் வாயில் வைத்தான்.

“மெதுவாக் குடியும். பொரையேறிரும்.”

“மாப்ளே, அன்னைக்கு நான்...”

“அதெல்லாம் பெறவு பேசுவோம்வே. கைய எங் கழுத்துல போடும்.”

விறகை ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். தலைத்துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினான். முதுகில் சுமந்து மலை இறங்கினான். அடிவாரத்தில் நிறுத்தியிருந்த அவன் சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து, விறகுக் கயிற்றால் என் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினான். சரள் ரோடு முடிந்து கரிசல் தொடங்கும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொண்டது. இறங்கிக் குச்சியால் மண்ணை நோண்டுவான், பத்தடி தள்ளுவான், மறுபடி நோண்டுவான். காதுகுத்து அன்று அவன் எப்படி வந்திருப்பான் என்பதை அந்த நாலு மைலும் பார்த்துக்கொண்டே வந்தேன். மெயின் ரோட்டில், கயத்தாறு பக்கமிருந்து வந்த ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

கால் தப்பவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். புண் ஆற வெகுநாள் ஆயிற்று. உயிரைக் கொடுத்த சாமி காலை ஏன் எடுத்தது என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பேச்சி ஊட்டினால் துப்பினேன். இன்றைக்கும் முருகனிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு நாள் சுடலையிடம் கேட்டேன், “நான் அங்கன கெடந்தது ஒனக்கு எப்படிலே தெரிஞ்சிது?”

“ஒம்ம டயரு கட்டுதான். ஊருக்குள்ள அதப் பாத்துருக்கேன். ஒரு சுத்துக்கு ஒருக்கா மண்ணுல பள்ளம் போட்டுருந்துது. மலையப் பாத்துப் போன தடம் இருக்கு, வந்த தடம் இல்ல. பாரத்தோட வந்தா ஆழமா விழணும்லா? மனசு கேக்கல. ஆட்ட அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.”

அந்த ஒரு வருஷமும் அவன் என் பாதைப் பக்கமே ஆட்டை ஓட்டியதில்லை. அன்று ஒரு சினையாடு கூட்டத்தைப் பிரிந்து வண்டிப்பாதைக்குப் போயிருக்கிறது. அதைத் திருப்பப் போனவன்தான் தடத்தைப் பார்த்திருக்கிறான். எப்போது என்று கேட்டேன். உச்சி சாய்ந்து செத்த நேரம் என்றான். நான் மேற்கே முகத்தைத் திருப்பிய நேரம். மழை முன்னாலேயே பெய்திருந்தால் தடமே இருந்திருக்காது. அந்த ஆடு தானாகப் போனது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

பிறகு தையல் பழகினேன். இப்போது புதியம்புத்தூரில் குழந்தைகள் கவுன் தைக்கிறேன். ஒற்றைக் காலால்தான் மெஷினை மிதிக்கிறேன். கோபம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பேச்சி சிரிப்பாள். ஆனால் கோபத்தோடு யாரையும் வாசலைவிட்டு அனுப்புவதில்லை.

2001-ல் மகளுக்குக் காதுகுத்து. அதே கோவில், அதே மாதிரி மழை. சுடலையைக் காணோம். காது குத்த வந்த ஆசாரி, “நல்ல நேரம் முடியப் போவுதுய்யா” என்றார்.

“முடியட்டும் அண்ணாச்சி. அவன் வாரதுதான் நேரம்” என்றேன்.

மத்தியானம் தோளில் சைக்கிளோடு வந்தான். நான் கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்து, ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், அவன் காலில் ஊற்றினேன்.

“என்ன மச்சான் இது, எல்லாரும் பாக்காவ” என்று அவன் பின்னால் போனான்.

“பாக்கட்டும்லே. அன்னைக்கும் எல்லாரும்தான் பாத்தாவ.”

அவன் மடியில் வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். மகன் காதுகுத்தன்று வேட்டி மடியில் கொண்டுவந்த அந்தப் பழைய கடுக்கனை ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்து, என் மகன் காதில் அவனே போட்டுவிட்டான்.

அன்பர்களே, கஷ்டத்தில் கூப்பிட்டால் முருகன் வருவான். நம்பிக் கூப்பிடுங்கள். யார் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறீர்களோ, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு அவன் சுடலையின் காலில்தான் நடந்து வந்தான்.

இந்தப் பங்குனியிலும் நானும் சுடலையும் வருகிறோம். அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டு இடுப்பிலும் அதே கயிறு கிடக்கும். அவனுக்கும் வயதாகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் வருகிறவர்கள் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடுங்கள்.